குழுவாரி இலாப விழுக்காடு (தரவுத்தள வினவல்)

குழுவாரி இலாப விழுக்காடு என்பது தரவுத்தளத்தில் உள்ள விற்பனைப் பதிவுகளைப் பொருள், கிளை, மாதம் போன்ற ஒரு பண்பின்படி குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவின் இலாபத்தையும் விழுக்காடாகக் கணிப்பதாகும். 1986 இல் சீர்தரமாக்கப்பட்ட எஸ்.கியூ.எல் எனும் வினவல் மொழியில் இதற்குக் குரூப் பை என்ற கூறு பயன்படுகிறது.

பள்ளிக் கணக்கில் இலாப விழுக்காடு அடக்க விலையின் மீது கணிக்கப்படுகிறது. வணிகக் கணக்கியலிலோ விற்ற விலையின் மீது கணிக்கும் இலாப விகிதமும் பரவலாக வழங்குகிறது. வினவலை எழுதுமுன் எது வேண்டும் என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். இக்கட்டுரை முதலாவதைப் பின்பற்றுகிறது.

வினவலின் அமைப்பு

விற்பனை என்ற அட்டவணையில் பொருள், அடக்கவிலை, விற்றவிலை ஆகிய நிரல்கள் இருப்பதாகக் கொள்வோம். கட்டளைச் சொற்களை ஒலிபெயர்த்து எழுதினால் வினவல் பின்வருமாறு அமையும்:

செலெக்ட் பொருள்,
சம்(விற்றவிலை - அடக்கவிலை) * 100.0 / நல்இஃப்(சம்(அடக்கவிலை), 0)
ஃபிரம் விற்பனை
குரூப் பை பொருள்

விழுக்காடுகளின் சராசரி

ஒவ்வொரு பதிவுக்கும் விழுக்காட்டைக் கண்டு, பின்னர் அவற்றின் சராசரியை எடுப்பதே இக்கணிப்பில் அடிக்கடி நேரும் பிழை. ஒரு மளிகைக் கடையில் ரூ. 90,000 அடக்கமான அரிசி ரூ. 99,000க்கும், ரூ. 1,000 அடக்கமான மிளகு ரூ. 1,500க்கும் விற்கப்பட்டன எனில் இலாபம் முறையே 10%, 50% ஆகும். இவற்றின் சராசரி 30%. ஆனால் கடை உண்மையில் ஈட்டியது ரூ. 91,000 அடக்கத்துக்கு ரூ. 9,500, அதாவது 10.44% மட்டுமே. சிறிதளவே விற்ற மிளகுக்கும் அரிசிக்கும் சராசரி சம எடை அளித்துவிடுகிறது. எனவே முதலில் கூட்டி, பிறகே வகுக்க வேண்டும்.

வெற்று மதிப்புகள்

அடக்கவிலை குறிக்கப்படாத பதிவுகள் மற்றொரு சிக்கல். மேற்கண்ட மிளகுடன், அடக்கம் தெரியாத ரூ. 500 விற்பனை ஒன்றும் சேர்ந்துள்ளது எனக் கொள்வோம். சம் சார்பு வெற்று மதிப்புகளை விட்டுவிடும். ஆகவே விற்றவிலையையும் அடக்கவிலையையும் தனித்தனியே கூட்டிக் கழித்தால், ரூ. 2,000 விற்பனைக்கு ரூ. 1,000 மட்டுமே அடக்கமாகி, இலாபம் 100% எனத் தோன்றும். மேலுள்ள வினவல் கழித்த பின் கூட்டுவதால் அப்பதிவு முற்றிலும் விலகி, 50% கிடைக்கிறது. விலக்கப்பட்ட பதிவுகளின் எண்ணிக்கையையும் ஒரு நிரலில் காட்டுவது நன்று. இல்லையேல் அறிக்கையைப் படிப்பவர் விடுபட்டதை அறிய வழியில்லை.

வகுத்தல்

போஸ்ட்கிரெஸ், எஸ்.கியூ.எல் சர்வர், எஸ்.கியூ.லைட் ஆகியவற்றில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னப் பகுதி நீக்கப்படும். விலைகள் முழு எண்களாகச் சேமிக்கப்பட்டிருந்து, 9,000ஐ 90,000ஆல் வகுத்தபின் 100ஆல் பெருக்கினால் விடை சுழியமே. ஆரக்கிள், மையெஸ்கியூஎல் ஆகியவை பின்னத்தைத் தரும். முதலிலேயே 100.0ஆல் பெருக்குவது இவ்வேறுபாட்டைத் தவிர்க்கிறது. இலவசப் பொருள்களின் குழுவில் அடக்கம் சுழியமாக இருக்கலாம். அப்போது நல்இஃப் பிழைச் செய்திக்குப் பதிலாக வெற்று மதிப்பைத் தருகிறது.

குழுக்களை வடிகட்டுதல்

5 விழுக்காட்டுக்குக் குறைவான குழுக்களை மட்டும் பெற, வேர் கூறு பயன்படாது. அது குழுவாக்கத்துக்கு முன்பே செயற்படுவது. இதற்கு உரியது ஹேவிங். 1999 ஆம் ஆண்டுச் சீர்தரத்தில் சேர்ந்த ரோலப், அனைத்துக் குழுக்களுக்குமான மொத்த நிரையையும் அதே வாய்பாட்டால் கணிப்பதால், மேற்கண்ட கடைக்கு அந்நிரையில் 10.44 கிடைக்கும்.