இருபத்தாறு பெட்ரோல் நிலையங்களும் ஒரு பூட்டிய கதவும்

1963ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், வாஷிங்டனிலுள்ள அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ஒரு சிறு நூலை ஏற்க மறுத்தது. நூலின் பெயர் 'இருபத்தாறு கேசலின் நிலையங்கள்'. பெயரில் சொல்லியிருப்பதற்கு மேல் உள்ளே எதுவும் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ் நகரையும் ஓக்லஹோமா சிட்டியையும் இணைக்கும் நெடுஞ்சாலையோரத்தில் நின்ற இருபத்தாறு பெட்ரோல் நிலையங்களின் கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒவ்வொன்றுக்கும் நிறுவனத்தின் பெயர், ஊரின் பெயர், அவ்வளவே. முன்னுரையோ விளக்கமோ கிடையாது. முதற்பதிப்பு 400 படிகள். எடுத்தவர் எட் ருஷே என்னும் இளம் ஓவியர். மறுக்கப்பட்ட செய்தியையே அடுத்த ஆண்டு 'ஆர்ட்ஃபோரம்' இதழில் நூலுக்கான விளம்பரமாக அவர் வெளியிட்டார்.

ருஷேவுக்கு முதலில் தோன்றியது தலைப்புத்தான். படங்கள் அதன் பின்னரே எடுக்கப்பட்டன. 'கேசலின்' என்ற சொல்லும் இருபத்தாறு என்ற எண்ணும் அவரை ஈர்த்தன. தமிழகத்தில் 'பங்க்' என்றும் வட இந்தியாவில் 'பம்ப்' என்றும் ஊருக்கொரு பெயரில் வழங்கும் இடத்துக்கு அமெரிக்க வழக்கு தந்த அந்த மூன்றசைச் சொல்லிலிருந்து ஒரு கலைநூல் பிறந்தது. பின்னாளில் கலை வரலாற்றாசிரியர்கள் இதைப் பெரிதும் போற்றினர். அழகும் உணர்ச்சியும் தேடாத, எதன் பக்கமும் சாயாத பார்வை இது என்றனர். சாலையோரத்துச் சாமானியப் பொருளுக்கும் ஒளிப்படத்தில் இடமுண்டு என்பதை நிலைநாட்டிய நூல் என்ற அளவில் அந்தப் பாராட்டு நியாயமானது. எதன் பக்கமும் சாயாதது என்பதைத்தான் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

பெட்ரோல் பம்பைப் படமெடுத்தவர்களில் ருஷே முதல்வர் அல்லர். 1930களில் பொருளாதார வீழ்ச்சியின் துயரைப் பதிவுசெய்ய அமெரிக்க அரசே ஒளிப்படக் கலைஞர்களை ஊர் ஊராக அனுப்பியிருந்தது. அவர்களுள் ஒருவரான டோரத்தியா லாங், 1939 ஜூலையில் வட கரோலினாவின் கோர்டன்டன் என்னும் சிற்றூரில் ஒரு நாட்டுப்புறக் கடையைப் படமெடுத்தார். ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். கடை முகப்பின் ஒருபுறம் மண்ணெண்ணெய்ப் பம்பு, மறுபுறம் பெட்ரோல் பம்பு. தாழ்வாரத்தில் கறுப்பின ஆண்கள் அமர்ந்திருக்கிறார்கள். வாசற்படியில் வெள்ளையர் ஒருவர் நிற்கிறார். அவர் கடைக்காரரின் சகோதரர் என்று லாங் குறிப்பெழுதியிருக்கிறார். யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் வாசலில் நிற்கிறார்கள் என்பதிலேயே அந்த ஊரின் நிலை பாதி விளங்கிவிடுகிறது. பம்புகள் ஓரத்தில் நிற்கின்றன.

அதே மாதத்தில், அதே அரசுத் திட்டத்துக்காக ரசல் லீ ஓக்லஹோமா சிட்டியில் இருந்தார். அங்கே டிராம் நிலையத்தில், 'நிறத்தவர்க்கு' என்று எழுதிய குடிநீர்த் தொட்டியில் ஒருவர் நீர் அருந்துவதைப் படமெடுத்தார். ருஷே வளர்ந்த ஊர் அது. அந்த நூலின் சாலை அவர் தம் வீட்டுக்குச் சென்றுவரும் சாலை. தொலைபேசிக் கூண்டைக்கூட இனம் பிரித்து வைக்க 1915இலேயே சட்டம் இயற்றிய மாநிலம் ஓக்லஹோமா.

பெட்ரோல் நிலையத்தின் கழிப்பறை அக்காலத்தில் ஒரு வணிகக் கவர்ச்சி. நடுத்தரக் குடும்பங்கள் காரில் நெடுந்தொலைவு செல்லத் தொடங்கியிருந்தன. பெட்ரோல் எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான், ஆகவே தூய்மையான கழிப்பறை உள்ள நிலையத்தில்தான் கார் நின்றது. டெக்சகோ நிறுவனம் 1938இல் 'பதிவுபெற்ற கழிப்பறைகள்' என்றொரு திட்டத்தையே தொடங்கி, தூய்மையைச் சோதிக்க வெள்ளைக் கார்களில் ஆய்வாளர்களை அனுப்பியது. அந்தப் படைக்கு 'வெள்ளை ரோந்து' என்று பெயர். பெயரிட்டவர்கள் காரின் நிறத்தைத்தான் எண்ணியிருக்க வேண்டும்.

கறுப்பினப் பயணிகளுக்கோ பல நிலையங்களில் பெட்ரோல் கிடைத்தது, கழிப்பறை கிடைக்கவில்லை. காசை வாங்கிக்கொண்டு சாவியைத் தர மறுத்தார்கள். காரிலேயே ஒரு பழைய டப்பாவை வைத்துக்கொண்டு புறப்பட்ட குடும்பங்களின் நினைவுகள் ஏராளமாகப் பதிவாகியுள்ளன. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த அஞ்சல்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936 முதல் வெளியிட்ட கையேடு, எந்த ஊரில் எங்கே தங்கலாம், எங்கே உண்ணலாம், எங்கே வண்டிக்கு எண்ணெய் போடலாம் என்று பட்டியலிட்டது. எஸ்ஸோ நிலையங்களில் அது விற்பனைக்குக் கிடைத்தது. ருஷேவின் நூல் அச்சேறிய ஆண்டிலும் அந்தக் கையேட்டுக்குத் தேவை இருந்தது.

இருபத்தாறு நிலையங்களில் எதில் வேண்டுமானாலும் வண்டியை நிறுத்தலாம், இறங்கலாம், எதிர்ப்புறம் சென்று படமெடுக்கலாம், கதவைத் திறந்து உள்ளே போகலாம் என்ற நிலையில் உள்ள ஒருவருக்கே அவையெல்லாம் ஒரே மாதிரியாகத் தெரியும். ருஷே எதையும் மறைத்தார் என்று சொல்வதற்கில்லை. அந்தக் கதவு அவருக்கு ஒரு கேள்வியாகவே இருந்திருக்காது. அதே சாலையில் சென்ற ஒரு கறுப்பினக் குடும்பத்துக்கு அந்த இருபத்தாறும் இருபத்தாறு தனித்தனிக் கணக்குகள்.

1964 ஜூலை 2ஆம் நாள் குடிமை உரிமைச் சட்டம் கையெழுத்தானது. எந்தெந்தப் பொது இடங்களில் இனப் பாகுபாடு காட்டக்கூடாது என்று அச்சட்டத்தின் இரண்டாம் பகுதி வரிசைப்படுத்துகிறது. விடுதி, உணவகம், திரையரங்கு ஆகியவற்றோடு அங்கே 'கேசலின் நிலையம்' என்ற சொல்லும் இருக்கிறது. ஓர் ஓவியர் ஒலிக்காக விரும்பிய சொல் அடுத்த ஆண்டே சட்டவாசகத்திலும் அமர்ந்தது தற்செயல்தான். ஆனாலும் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்காமல் இருக்க முடியவில்லை.

ருஷேவின் நூலை மறுத்த அதே காங்கிரஸ் நூலகம் பின்னாளில் ஜான் மார்கோலிஸ் என்பவரின் 11,710 வண்ண ஸ்லைடுகளைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அமெரிக்கச் சாலைகளில் அலைந்து, மறைந்துகொண்டிருந்த பெட்ரோல் நிலையங்களையும் மோட்டல்களையும் உணவகங்களையும் அவர் படமெடுத்தார். வாஷிங்டன் மாநிலத்தின் சில்லா ஊரில் தேநீர்க் கெண்டி வடிவில் நிற்கும் பெட்ரோல் நிலையம் அவற்றுள் ஒன்று. காலை வெயில், நீல வானம், ஆளில்லாத முன்றில் என்பது அவருடைய முறை. பல கட்டடங்கள் இன்று அந்தப் படங்களில் மட்டுமே எஞ்சியுள்ளன. அதற்காக அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் லாங் படத்தின் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தவர்கள் இந்தத் தொகுப்பில் இல்லை. ஆட்கள் நீங்கியதும் பெட்ரோல் நிலையம் இனிய பழம்பொருளாகிவிடுகிறது.

ருஷேவின் பயணம் முடியும் ஓக்லஹோமா சிட்டியைத் தாண்டி, அதே 66ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே சென்றால் லூதர் என்னும் ஊர் வருகிறது. அங்கே திரெட் என்னும் கறுப்பினக் குடும்பம் உள்ளூர் மணற்கல்லால் கட்டி நடத்திய பெட்ரோல் நிலையம் இன்றும் நிற்கிறது. 1995இல் அது தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் சேர்ந்தது. 2021இல், அழியும் நிலையிலுள்ள பதினொரு இடங்களுள் ஒன்றாக அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு அறக்கட்டளை அதை அறிவித்தது. அந்தச் சாலையில் சென்ற கறுப்பினப் பயணிகள் அச்சமின்றி இறங்கிய இடம் அது.