திருவுருவங்களின் அடையாளம்

சிற்பக்கலையில் முத்திரையே மொழியாகும். தில்லைக் கூத்தனின் அபயக் கரம் புத்தர் திருவுருவிலும் காணப்பெறும். பதுமாசனமும் இரு சமயத்திற்கும் பொதுவே. பெரும்பாலும் தலையும் கைகளுமே வேறுபாட்டைப் புலப்படுத்துவன. ஆலமர் செல்வனுக்குச் சடைமுடியும் சின்முத்திரையும் உரியன. புத்தருக்கோ சுருள்முடியும், மடிமீது கைகளை வைத்த தியான முத்திரையும் உரியன.

பேரிகைப் பகுதி 1965 வரை சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. அச்சேலம் நகரின் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என வழிபடப்பெற்ற திருவுருவம், இத்தகைய அடையாளங்களால் புத்தரே எனத் தொல்லியல் துறையால் கண்டறியப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றம் 2022-இல் அதனை ஏற்றது. துண்டுபட்ட தலையை மீண்டும் பொருத்திக் காத்தது மக்களின் பத்தி. ஆயினும் திருவுருவின் பெயர் மறைந்துபோயிற்று.

ஆதலின், திருப்பணி செய்யும் அன்பர்கள் பழந்திருவுருவங்களின் முடியையும் முத்திரையையும் பூச்சினால் மறைக்காமல், உள்ளவாறே குறித்து வைத்தல் கடமையாகும்.