கயிறும் கணிதமும்

விக்கிரமங்கலத்தில் வீட்டிற்குக் கடைக்கால் எடுக்கும் கொத்தனார், மூலையைச் சரிபார்ப்பதை நாம் கண்டிருக்கிறோம். ஒரு நூலில் மூன்றடியும் அடுத்த நூலில் நான்கடியும் அளந்து குறியிடுவார். இரு குறிகளுக்கும் இடையே ஐந்தடி இருப்பின் மூலை சரி. இது கிரேக்க அறிஞர் பிதாகரசின் தேற்றம் என்று பள்ளியில் பயின்றோம். ஆனால் வேள்விப் பீடங்களைக் கயிற்றால் அளந்த நம் நாட்டவரும், கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே, போதாயனரின் சுல்ப சூத்திரத்தில் இதனைப் பொதுவிதியாக உரைத்திருந்தனர். சுல்பம் என்றால் கயிறு.

ஆயினும், வடிவியல் கிரேக்கருக்கே உரியது. இந்தியர் கணக்கிட அறிவாரேயன்றிக் காரணம் காட்ட அறியார் என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. இதை மறுத்தவர்களுள் சிறப்பிடம் பெறுபவர் சரஸ்வதி அம்மா. 1918இல் கேரளத்துச் செர்ப்புளசேரியில் பிறந்த அவர், கணிதத்தோடு வடமொழியும் கற்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் வே. இராகவனின் வழிகாட்டுதலில் மூலநூல்களை ஆராய்ந்தார். பின்னர் ராஞ்சியிலும் தன்பாத்திலும் மகளிர் கல்லூரிகளில் பணியாற்றினார். பண்டைய, இடைக்கால இந்திய வடிவியல் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1979இல் வெளிவந்தது. சுல்ப சூத்திரங்கள், சமண நூல்கள், 628இல் பிரம்மகுப்தர் எழுதிய நூல், கேரளக் கணிதரின் படைப்புகள் ஆகியவற்றை அது வரிசையாக ஆராய்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் மலையாளத்தில் எழுந்த யுக்திபாஷை, முடிவுகளை மட்டுமன்றி அவற்றுக்கான காரணங்களையும் விளக்குவதை அவர் எடுத்துக்காட்டினார். இதனால் யூக்ளிடின் பதின்மூன்று புத்தகங்களுடைய மாண்பு குறைந்துவிடவில்லை. நம்மவர் மீது சுமத்தப்பட்ட குறையே நீங்கியது.

அவருடைய வெற்றி முழக்கத்தால் வந்ததன்று. மூலமொழியைக் கற்ற பொறுமையால் வந்தது. நம் பகுதிக்கு அண்மையில் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவரும் அவ்வாறே முதலில் தமிழைக் கற்றார். கற்ற பின்னரே திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் தந்தார். நாமோ அடுத்த தெருவினரையும் பிற சமயத்தவரையும், அவர்கள் சொல்வதைக் கேளாமலே எத்தனை முறை தீர்ப்பிட்டுவிடுகிறோம்! தீர்ப்பிட வேண்டாம் என்ற ஆண்டவரின் கட்டளை அறிவுத்துறைக்கும் உரியதன்றோ?

சரஸ்வதி அம்மா 2000இல் மறைந்தார். அவர் பெயரை நம் வீடுகளில் அறிந்தவர் மிகச் சிலரே. பிதாகரசின் தேற்றத்தைக் கற்பிக்கும் நம் ஆசிரியப் பெருமக்கள், போதாயனரின் கயிற்றையும் அந்த அம்மையாரின் உழைப்பையும் சேர்த்தே சொல்வார்களாக. கணக்கு நமக்கு வராது என்று ஒதுங்கி நிற்கும் மாணவியர்க்கு அது பெருந்துணையாகும்.