தரையிலிருந்து மேடை ஏறிய கல்

வேளச்சேரியில் புது ஃபிளாட் வாங்கி சமையலறையைப் பார்த்துப் பார்த்துக் கட்டுபவர்கள் மத்தியில் இப்போது புழங்கும் ஒரு வார்த்தை 'வாட்டர்ஃபால்' மேடை. பெயர்தான் அருவி, தண்ணீர் எல்லாம் கொட்டாது (வேளச்சேரிக்கு அது தனியாக வேறு வேண்டுமா என்ன!). மேடைக்கல் ஓரத்தோடு நின்றுவிடாமல் மடங்கி, பக்கவாட்டில் தரை வரை அதே கல்லாக இறங்கும். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் சமையலறையில் கல் தரையைத் தொடுவது ஒன்றும் புதிதல்ல. முதலில் அது இருந்ததே தரையில்தான். அம்மி, ஆட்டுக்கல், உரல் எல்லாமே தரையில். அரிவாள்மனையும் விறகடுப்பும் அங்கேதான். மயிலாப்பூரின் பழைய வீடுகளில் சமைத்த பெண்கள் பலகை போட்டு உட்கார்ந்தோ, குந்தியோதான் சமைத்தார்கள். தண்ணீருக்கு எழுந்திரு, உப்புக்கு எழுந்திரு, மறுபடி உட்கார்... அந்த முழங்கால் வலிக்கு யாரும் கணக்கு எழுதி வைக்கவில்லை.

கணக்கு எழுதியவர்கள் ஜெர்மனியில் இருந்தார்கள். 1926-ல் மார்கரெட்டே ஷுட்டே-லிஹாட்ஸ்கி என்ற பெண் கட்டிடக் கலைஞர் பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஒரு சின்ன சமையலறை வடிவமைத்தார். எந்தப் பொருளுக்கு எத்தனை அடி நடக்க வேண்டும் என்று அளந்து போட்ட வடிவம் அது. இன்றைய மாடுலர் கிச்சனுக்கு அதுதான் பாட்டி.

நம் ஊரில் மேடை பரவியதற்குக் காரணம் வேறு. கேஸ் சிலிண்டர்! இந்தியன் ஆயிலின் இண்டேன் 1965-ல் கல்கத்தாவில் முதல் இணைப்பைக் கொடுத்தது. சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் அடுப்பு சிலிண்டரை விட உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. அடுப்பு மேலே போனதும் சமைப்பவரும் எழுந்து நின்றார். பின்னாலேயே மிக்ஸியும் கிரைண்டரும் வர, அம்மி கொல்லைக்குப் போனது.

நடுத்தர வீடுகளின் மேடையில் ரொம்ப நாள் இருந்தது கடப்பாக்கல். விலை குறைவு, ஆனால் அது சுண்ணாம்புக்கல் வகை. புளிக்கரைசலோ எலுமிச்சையோ சிந்தினால் பளபளப்பு போய்விடும். புளி இல்லாமல் நம் சமையலா? அங்கேதான் கிரானைட் ஜெயித்தது. புளிக்கு அசையாது, சூடான வாணலியை இறக்கி வைத்தாலும் கவலை இல்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி என்று தமிழ்நாட்டிலேயே குவாரிகள். (கடையில் 'பிளாக் கிரானைட்' என்று விற்பது பெரும்பாலும் புவியியல்படி கிரானைட்டே அல்ல, டோலரைட் அல்லது காப்ரோ.)

கல்லுக்கு வேளச்சேரிக்காரர்கள் அதிக தூரம் போக வேண்டியதில்லை என்பது இன்னொரு வேடிக்கை. பக்கத்துப் பரங்கிமலை, பல்லாவரத்துப் பாறைக்கு உலகம் முழுக்க 'சார்னோக்கைட்' என்று பெயர். கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னக்கின் கல்லறைக்கல் இந்தப் பக்கத்துப் பாறை என்பதால், தாமஸ் ஹாலண்ட் 1893-ல் வைத்த பெயர் அது.

சரி, வாட்டர்ஃபாலுக்கு வருவோம். 6 அடி நீளம், 2 அடி அகலத்தில் நடுவில் தனியாக நிற்கும் ஒரு மேடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்கல் 12 சதுர அடி. உயரம் 33 அங்குலம் என்றால், ஒரு பக்கம் இறங்கும் கல் 5.5 சதுர அடி. இரண்டு பக்கமும் சேர்த்து 11. ஆக மொத்தம் 23 சதுர அடி, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! மூலையில் 45 டிகிரி கட்டிங் கூலி தனி. மேலே ஓடும் கோடு அறுபடாமல் கீழே இறங்க வேண்டும் என்றால் கழிவு இன்னும் கூடும். புள்ளி புள்ளியான கிரானைட்டில் அந்தக் கோடே கிடையாது, ஆகவே பாதி அழகு கிடைக்காது. லாபம் என்று பார்த்தால், கேபினட்டின் பக்கப் பலகை ஈரத்திலிருந்து தப்பிக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊரில் அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல முடியாது. ஆனால் வெள்ளம் முன்பக்கக் கதவு வழியாகவும் வரும், அங்கே இருப்பது பிளைவுட்தான். கேஸும் புளியும் கொண்டுவந்த மாற்றங்களுக்கு ஒரு தேவை இருந்தது. இதற்கு இருப்பது பெரும்பாலும் பார்வை மட்டுமே.

அந்த இரண்டாவது மடங்கு கல் எங்கிருந்தோ வர வேண்டுமே. 2012-ல் மதுரை ஆட்சியராக இருந்த உ. சகாயம், அந்த மாவட்டத்தின் கிரானைட் முறைகேடுகளால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று அறிக்கை அனுப்பினார். 2014-ல் உயர்நீதிமன்றம் அவரையே விசாரணைக்கு நியமித்தது. மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி மக்கள் குவாரியை எதிர்த்துத் தங்கள் மலையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். 2022-ல் அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் ஆனது.

மலையைத் தொட வேண்டாம், கோடு போட்ட குவார்ட்ஸ் வாங்கலாமா? அது குவார்ட்ஸ் தூளைப் பிசினில் சேர்த்துச் செய்யும் கல், வாட்டர்ஃபாலுக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் சூடான வாணலி வைத்தால் பிசின் கருகும். அதில் சிலிக்காவும் கிரானைட்டை விட மிக அதிகம். அறுக்கும்போது வரும் தூசி நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் வருகிறது. தொழிலாளர்கள் பலர் பாதிக்கப்பட்ட பிறகு 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா அந்தக் கல்லையே தடை செய்துவிட்டது. இந்தியாவில் அப்படித் தடை ஏதும் வரவில்லை.

கிரானைட் தூசியும் பாதுகாப்பானது அல்ல. 45 டிகிரி மூலையை வீட்டுக்குள்ளேயே தண்ணீர் விடாமல் கட்டர் வைத்து அறுத்தால், கைக்குட்டை கட்டிக்கொண்டு நிற்கும் அந்த ஆளின் மூக்குக்குத்தான் தூசி முதலில் போகும். பட்டறையிலேயே தண்ணீர் விட்டு அறுத்துக் கொண்டுவரச் சொல்லலாம். ஆர்டர் கொடுக்கும்போதே அதைப் பேசிவிட வேண்டும், கல் மாடி ஏறிய பிறகு பேசினால் யாரும் திருப்பி எடுத்துப் போகமாட்டார்கள்.