எத்தியோப்பிய மலைகளும் மாநகரங்களும்

மும்பையிலும் ஹைதராபாத்திலும் குடியேறி வாழும் நேயர்களுக்கு ‘ஹப்ஷி’ என்னும் சொல் புதிதன்று. ஹைதராபாத்தில் ‘ஏ. சி. கார்ட்ஸ்’ என்றொரு பகுதி உண்டு. நிஜாமின் சேனையில் பணிபுரிந்த ஆப்பிரிக்கக் குதிரைப்படைக் காவலரின் பெயரால் வழங்கும் இடம் அது. நாள்தோறும் அவ்வழியே அலுவலகம் செல்வோரும் அப்பெயரை விரித்துப் பார்ப்பது அரிது. மும்பைக்குத் தெற்கே கடலின் நடுவே நிற்கும் ஜஞ்சிராக் கோட்டையை ஆண்ட சித்திகளும் ஆப்பிரிக்க வழியினரே. இவர்கள் யாவரினும் புகழ்பெற்றவர் மாலிக் அம்பர். 1548-ஆம் ஆண்டளவில் எத்தியோப்பியாவிற் பிறந்து, சிறுவயதில் அடிமையாக விற்கப்பட்டு, பல கைகள் மாறித் தக்காணம் வந்து சேர்ந்த அவர், அகமதுநகர் ராஜ்யத்தின் முதன்மை அமைச்சராக உயர்ந்தார். மொகலாயப் படைகளைப் பல்லாண்டுகள் எதிர்த்து நின்று 1626-இல் மறைந்தார். அவர் அமைத்த கட்கி நகரமே பின்னர் ஔரங்காபாத் என வழங்கி, 2023-இல் சத்ரபதி சம்பாஜிநகர் என்று பெயர் மாறிற்று.

‘ஹபஷ்’ என்னும் அரபுச் சொல்லே ஹப்ஷிக்கும் அபிசீனியாவுக்கும் மூலம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம் போன்றோர்க்கு ஒரு சொல்லைப் பார்த்தால் அது பிறந்த ஊரையும் பார்க்க வேண்டும் என்ற ஆவல் எழுவது இயல்பு. எனவே, சரித்திரத்தையே வழிகாட்டியாகக் கொண்டு அந்த நாட்டிற்கு ஒரு பிரயாணம் போய் வருவோம். விமானத்தில் ஏறினால் தலைநகரான அடிஸ் அபாபாவில் இறங்கிவிடலாம். ஆனால் அது 1886-இல் தோன்றிய புது நகரம். நாம் பழைய வணிகர் சென்ற வழியில், செங்கடற் கரையிலிருந்து மேலேறுவோம்.

அக்கரையில் அதுலிஸ் என்னும் துறைமுகம் இருந்தது. 1993-இல் தனிநாடான எரித்திரியாவில் அவ்விடம் அடங்கியிருக்கிறது. கி. பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்’ என்னும் வணிகக் கையேட்டில் முசிறி முதலான நம் துறைமுகங்களைப் பற்றிப் படித்திருப்போம். அதே நூல் அதுலிஸையும் விவரிக்கிறது. உள்நாட்டிலிருந்து தந்தம் அங்கே வந்து குவியும். இந்தியாவிலிருந்து இரும்பும் எஃகும் பருத்தித் துணியும் சென்று இறங்கும். அப்பகுதியை ஆண்ட ஸோஸ்காலிஸ் என்பவனைப் பற்றி, பொருளாசை மிக்கவன், ஆயினும் கிரேக்கக் கல்வி உடையவன் என்று அந்நூலாசிரியர் குறிக்கிறார். வணிகர் எந்த மன்னனையும் இந்த இரண்டு அளவுகோல்களால்தான் அளப்பார்கள் போலும்!

அதுலிஸிலிருந்து மூன்று நாள் நடந்தால் கொலோயி. அங்கிருந்து ஐந்து நாளில் அக்சும். எட்டு நாள் வழிதான். ஆனால் கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். கொதிக்கும் கரையிலிருந்து குளிர்ந்த மேட்டுநிலத்திற்கு இட்டுச் செல்லும் இந்தச் செங்குத்தான சரிவே எத்தியோப்பிய சரித்திரத்தின் மதில் எனலாம். ஏறி வந்தவர்கள் உண்டு. ஏறி வந்து நிலைத்தவர்கள் மிகச் சிலர்.

அக்சும் தன் பெயரால் பொன், வெள்ளி, வெண்கல நாணயங்கள் வெளியிட்ட பேரரசு. நான்காம் நூற்றாண்டில் ஆண்ட எசானா மன்னன் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவினான். அவன் காலத்துக் கல்வெட்டுகளில் கிரேக்கமும் கீயெஸ் மொழியும் உண்டு. கீயெஸ் எழுத்தைப் பற்றி ஒரு சொல். செமித்திய எழுத்துகள் பலவற்றில் மெய்யை மட்டும் எழுதி உயிரைப் படிப்பவரின் ஊகத்திற்கு விட்டுவிடுவர். எசானாவின் காலத்தை ஒட்டிக் கீயெஸில் ஒவ்வொரு மெய்யெழுத்தும் உயிர்களுக்கேற்ப ஏழு உருவம் பெற்றது. க, கா, கி என்று மணலில் எழுதிப் பழகிய நமக்கு அவர்களுடைய அரிச்சுவடி அந்நியமாகத் தோன்றாது. இன்றைய அம்ஹாரிக் மொழியும் அதே எழுத்திலேயே எழுதப்படுகிறது.

அக்சுமிலிருந்து கிழக்கே சென்றால் டெப்ர தாமோ என்னும் மடாலயம் ஒரு தட்டை மலையின் உச்சியில் இருக்கிறது. கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். பெண்களுக்கு அனுமதி இல்லை. அங்கே 1940-இல் நூற்றுக்கு மேற்பட்ட பொற்காசுகள் கிடைத்தன. அவை யாருடைய காசுகள்? நம் வட இந்தியாவை ஆண்ட குஷாணர்களுடையவை.

அக்சும் நகரின் பெருமை அதன் கல் தூண்கள். ஒரே கல்லிற் செதுக்கிய அவற்றில் கதவும் சன்னலும் அடுக்கடுக்கான மாடிகளும் பொய்த் தோற்றமாக வடிக்கப்பட்டிருக்கும். அரச சமாதிகளின் அடையாளம் அவை. யாவற்றிலும் பெரிது 33 மீட்டர் நீளமுடையது. விழுந்து உடைந்து கிடக்கிறது. அடுத்தது 24 மீட்டர். அதுவும் விழுந்து துண்டுபட்டுக் கிடந்தபோது, 1935-இல் படையெடுத்து வந்த முசோலினியின் ஆட்சியினர் அதனை 1937-இல் ரோமாபுரிக்குக் கொண்டுபோய், தங்கள் ஆப்பிரிக்க ஆட்சிக்கான அமைச்சகத்தின் முன்னே நாட்டினர். அந்தக் கட்டடம் பிற்காலத்தில் உலக உணவு விவசாய ஸ்தாபனத்தின் தலைமையகமாயிற்று. 1947-ஆம் ஆண்டு சமாதான உடன்படிக்கையில், 18 மாதங்களுக்குள் கொள்ளைப் பொருள்களைத் திருப்பித் தருவதாக இத்தாலி ஒப்புக்கொண்டது. தூண் திரும்பி வந்தது 2005-இல். மூன்று துண்டங்களாக, மூன்று முறை விமானத்தில் வந்தது. 2008-இல் பழைய இடத்தில் நிறுத்தினர். அக்சுமுக்கு அருகே அத்வாவில் 1896-இல் இரண்டாம் மெனெலிக் மன்னரிடம் தோற்றோடிய அதே இத்தாலி, நாற்பதாண்டு கழித்துத் தூணைக் கொண்டுபோனது என்பதையும் இங்கே நினைக்க வேண்டும்.

இந்தத் திக்ரே மாநிலத்தில் 2020 நவம்பரில் மூண்டு 2022 நவம்பரில் ஓய்ந்த உள்நாட்டுப் போரில் அக்சும் மக்கள் பட்ட துன்பம் பெரிது. தூண்கள் நிற்கின்றன, ஊரார் பலர் இல்லை.

தெற்கு நோக்கிச் செல்லும் பாதை தெகஸே ஆற்றின் பள்ளத்தாக்கில் இறங்கி, லிமாலிமோ என்னும் செங்குத்துச் சரிவில் வளைந்து வளைந்து சீமியன் மலைகளின்மேல் ஏறுகிறது. அங்குள்ள ராஸ் தஷென் சிகரம் 4,500 மீட்டரைத் தாண்டுவது. மலை என்றால் கூம்பாக உயரும் என்று எண்ணிப் பழகியோர்க்கு இங்கே வியப்பு காத்திருக்கிறது. பரந்த புல்வெளியில் நடந்துகொண்டே இருப்போம். திடீரென்று காலடியில் நிலம் முடிந்து ஆயிரம் மீட்டர் ஆழம் வாய் திறக்கும். அதன் விளிம்பில் கெலாடா என்னும் குரங்குகள் நூற்றுக்கணக்கிற் கூடி அமர்ந்து, ஆடுமாடு போலப் புல்லைப் பறித்துத் தின்னும். வாலியா என்னும் காட்டாடு இம்மலைகளுக்கே உரியது. யூத சமயத்தவரான பேட்டா இஸ்ரேல் மக்கள் பல தலைமுறைகள் இம்மலைகளையே அரணாகக் கொண்டு எத்தியோப்பியப் பேரரசர்களை எதிர்த்து நின்றனர். அவர்கள் வழிவந்தோரில் 14,000 பேருக்கு மேல் 1991 மே மாதத்தில் ஒன்றரை நாளில் விமானங்களில் இஸ்ரேலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

மலையிலிருந்து இறங்கினால் கோந்தர். பேரரசர்கள் அதற்கு முன் கூடாரங்களிலேயே நாட்டைச் சுற்றி வந்து ஆண்டனர். பாளையம் எங்கேயோ அதுவே தலைநகரம். 1636-இல் ஃபாஸிலிடஸ் பேரரசர் இங்கே நிலையாகத் தங்கிக் கோட்டை எழுப்பினார். உருண்ட கோபுரங்களும் பல் போன்ற மதில் முகடும் உடைய அக்கோட்டையைப் பார்த்தோர் இது போர்ச்சுகீசியர் வேலை என்றே நெடுங்காலம் எழுதி வந்தனர். ஆனால் ஃபாஸிலிடஸ் இயேசு சபைப் பாதிரிமாரை நாட்டைவிட்டுத் துரத்தியவர். அவர் தந்தையின் காலத்தில் சுண்ணாம்புக் கல்லை இனங்கண்டு காரை செய்யும் முறையைக் காட்டியவர் இந்தியாவிலிருந்து வந்த ஒருவர் என்று அந்தப் பாதிரிமாருள் ஒருவரே எழுதி வைத்திருக்கிறார். கட்டட வேலைக்குக் கொத்தர்களும் இந்தியாவிலிருந்து சென்றனர். அவர்களுள் பெரும்பாலோரின் பெயரும் ஊரும் நூல்களில் இடம்பெறவில்லை. கொத்தரின் பெயரை எந்த நாட்டுச் சரித்திரந்தான் கேட்டு எழுதியது?

கோந்தரின் கோயில்கள் தோல் ஏடுகளால் நிறைந்திருந்தன. ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, கீயெஸ் எழுத்தில் எழுதி, அகன்ற விழிகளையுடைய தேவதூதர்களை வண்ணத்தில் தீட்டி, மரப்பலகைகளிடையே கட்டி வைப்பர். இந்த ஏடுகளை மறவாதிருப்போம். இவற்றைப் பின்தொடர்ந்தே நம் பிரயாணத்தின் இறுதிக்குச் செல்லப் போகிறோம்.

அதற்குமுன் கிழக்கே லாலிபெலா. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்ததன் தொடக்கத்திலும் ஆண்ட லாலிபெலா மன்னனின் பெயரைத் தாங்கிய இவ்வூரில் பதினொரு கோயில்கள் எரிமலைப் பாறையிலிருந்து குடைந்தெடுக்கப்பட்டவை. கல்லை அடுக்கிக் கட்டவில்லை. மேலிருந்து கீழாகப் பாறையை வெட்டி நீக்கி, எஞ்சியதைக் கோயிலாக்கினர். எல்லோராவின் கைலாசநாதர் கோயிலைக் கண்டோர்க்கு இம்முறை விளங்கும். ஜார்ஜ் முனிவரின் கோயில் சிலுவை வடிவானது. தரைமட்டத்தில் நின்று பார்த்தால் அதன் கூரைதான் நம் கண்ணுக்கு நேரே இருக்கும். 1520-களில் இங்கே வந்த போர்ச்சுகீசியப் பாதிரியார் பிரான்சிஸ்கோ ஆல்வாரிஷ், இதற்குமேல் எழுதினால் எவரும் நம்பமாட்டார்கள் என்று அஞ்சி எழுத்தை நிறுத்திக்கொண்டார். எழுதிய மட்டும் மெய்யென்று சத்தியமும் செய்தார். இவை காட்சிப் பொருள்களல்ல. இன்றும் விடியலில் வெள்ளாடை போர்த்த மக்கள் வந்து சுவரில் நெற்றியை வைத்து வணங்குகின்றனர்.

லாலிபெலாவுக்குத் தெற்கே மக்தலா என்னும் மலைக்கோட்டை. 1855-இல் முடிசூடிய இரண்டாம் தெவோத்ரோஸ், சிதறிக் கிடந்த நாட்டை ஒன்றாக்க முயன்ற வீரர்; கடுஞ்சினத்தவர். 1862-இல் விக்டோரியா ராணிக்கு நட்புக் கடிதம் எழுதினார். லண்டனில் அது பதிலின்றிக் கிடந்தது. அவமானம் பொறாத அவர் பிரிட்டிஷ் தூதரையும் வேறு ஐரோப்பியரையும் சிறைப்படுத்தினார். இதற்கிடையே கோந்தரையே சூறையாடி, அதன் கோயில் ஏடுகளை மக்தலாவில் தாம் எண்ணியிருந்த பெருங்கோயிலுக்காகக் கொண்டு சேர்த்தார். ஆக, கொள்ளையை முதலிற் செய்தவர் அந்நாட்டு அரசரே. இதை மறைப்பது நேர்மையன்று. ஆயினும் ஏடுகள் நாட்டைவிட்டுப் போகவில்லை.

பிரிட்டன் படை அனுப்பியது. லண்டனிலிருந்து அல்ல, பம்பாயிலிருந்து! பம்பாய்ச் சேனைத் தளபதி ராபர்ட் நேப்பியரின் கீழ் 13,000 வீரர்கள், பெரும்பாலோர் இந்தியர். மதராஸ் சாப்பர்ஸ் பட்டாளத்தாரும் சென்றனர். அவர்களுடைய போர்ச் சிறப்புகளின் பட்டியலில் ‘அபிசீனியா’ என்னும் பெயர் அவ்வாறுதான் சேர்ந்தது. இந்தியாவிலிருந்து 44 யானைகளையும் கப்பலேற்றினர். பீரங்கிகளைச் சுமந்து மலையேறுவதற்கு. இந்தியப் படையின் வழக்கமான சம்பளச் செலவு இந்தியாவின் தலையிலேயே விழுந்தது. இது என்ன நியாயம் என்று தாதாபாய் நவுரோஜி 1867-இல் லண்டனில் ஒரு கட்டுரை படித்துக் கண்டித்தார். படை இறங்கிய இடம் ஸூலா. பழைய அதுலிஸ் இருந்த அதே கரை. முன்பு இந்தியத் துணி இறங்கிய துறையில் இப்போது இந்தியச் சிப்பாய் இறங்கினான்.

1868 ஏப்ரல் 13-ஆம் நாள் மக்தலா வீழ்ந்தது. தெவோத்ரோஸ் பிடிபட விரும்பாமல், முன்னொரு காலத்தில் விக்டோரியா ராணி அன்பளிப்பாக அனுப்பிய கைத்துப்பாக்கியாலேயே தம்மைச் சுட்டுக்கொண்டார். பிறகு சூறை. கிரீடங்கள், பொற்கிண்ணங்கள், கோயில்களின் புனிதப் பலகைகள், ஏடுகள் யாவும் சுமார் 15 யானைகள்மீதும் ஏறத்தாழ 200 கோவேறு கழுதைகள்மீதும் ஏற்றப்பட்டு, அருகே ஒரு சமவெளியில் ஏலம் விடப்பட்டன. பிரிட்டிஷ் மியூசியத்தின் பிரதிநிதி ஒருவர் படையுடனேயே வந்திருந்தார். ஏறத்தாழ 350 ஏடுகள் லண்டன் சென்றன. மன்னரின் ஏழு வயது மகன் அலெமாயேஹுவும் கொண்டுசெல்லப்பட்டான். 1879-இல், பதினெட்டு வயதில் இங்கிலாந்தில் இறந்து, விண்ட்சரில் அடக்கமானான். அவன் எலும்புகளையாவது தருக என்ற வேண்டுகோளை 2023-இல் பக்கிங்ஹாம் அரண்மனை மறுத்தது. தெவோத்ரோஸின் தலைமயிரை மட்டும் லண்டன் ராணுவ அருங்காட்சியகம் 2019-இல் திருப்பித் தந்தது.

ஏடுகளுள் ஒன்று விரைவிலேயே திரும்பிற்று. ‘கெப்ர நகஸ்த்’ என்பது ஷேபா ராணியையும் சாலமோன் மன்னரையும் தம் வமிசத்தின் மூலமாகக் கூறும் நூல். அதன் ஏடு இல்லாவிடில் மக்கள் தம் ஆணைக்கு அடங்கமாட்டார்கள் என்று நான்காம் யோஹன்னஸ் லண்டனுக்கு எழுதிக் கேட்க, 1872-இல் அதனைத் தந்துவிட்டனர். ஏனையவற்றுள் பெரும்பாலானவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

தெவோத்ரோஸ் ஐரோப்பியக் கைவினைஞரைக் கொண்டு வார்ப்பித்து, ‘செவஸ்தபோல்’ எனப் பெயரிட்டு, மலைமலையாக மனிதர்களைக் கொண்டே இழுத்து வந்த பெரும் பீரங்கி ஒன்று உண்டு. எடை ஏறத்தாழ 7 டன். அதை எவரும் கொண்டுபோகவில்லை. மக்தலாவின் உச்சியில் புல்லிடையே இன்றும் கிடக்கிறது.