திருகோணமலைத் துறை: கண்டி இராச்சியத்தின் கடல்வாசல்

கண்டி நகரை வளைத்தோடும் மகாவலி கங்கை 335 கிலோமீட்டர் நடந்து கடலைத் தொடும் இடம், திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடா. மலைநாட்டு அரசுக்குத் துறைமுகம் எதற்கு என்று கேட்பவருக்கு அந்த ஆறே பாதி பதில். ஒல்லாந்தரின் கோட்டைகளால் பெயர்பெற்ற இந்தத் துறையைக் கண்டி மன்னர்கள் தங்களுடையதென்றே கருதினார்கள். அதைக் காக்கக் கப்பல் மட்டும் அவர்களிடம் இல்லை.

துறையின் மதிப்பு காற்றோடு சேர்ந்தது. ஐப்பசி பிறந்தால் வாடைக்காற்றும் சூறாவளியும் சோழமண்டலக் கரையைப் புரட்டியெடுக்கும். சென்னையில் அன்று துறைமுகமே கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டுத் தவிக்க வேண்டும். ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் மாரிக்குப் பயந்து பம்பாய்வரை போயின. திருகோணமலையிலோ பாய்க்கப்பல் குடாவுக்குள் புகுந்து வடக்கே திரும்பி, ஒஸ்டென்பேர்க் முனையை வலக்கைப் பக்கம் வைத்து ஒடுங்கிய வாயைக் கடந்துவிட்டால் போதும். சுற்றிலும் குன்றுகள், உள்ளே குளம்போன்ற தண்ணீர். கரையோரம்வரை ஆழம் இருப்பதால் பெரிய கப்பலும் தயங்க வேண்டியதில்லை.

1620இல் டேனியர் இங்கே கால்பதிக்கப் பார்த்தார்கள். கண்டியோடு பேச்சு சரிவராமல் தரங்கம்பாடியோடு நின்றுகொண்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் போர்த்துக்கேயர் சுவாமிமலையில் இருந்த கோணேசர் கோயிலை இடித்து, அங்கேயே கோட்டை கட்டினார்கள். அவர்களை விரட்டவே கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தரை அழைத்தான். 1638இல் மட்டக்களப்பில் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டுடன் ஒப்பந்தம் ஆனது. பிடிபடும் கோட்டைகளில் மன்னர் விரும்பினால் மட்டுமே ஒல்லாந்தப் படை இருக்கலாம் என்ற சொற்கள் போர்த்துக்கேய மொழிப் படியில் இருந்தன. ஒல்லாந்தப் படியில் அவை காணாமற்போயின. இலங்கை வரலாற்றில் இவ்வளவு விலை கொடுக்க வைத்த விடுபாடு வேறொன்று எனக்குத் தெரியவில்லை. 1639இல் ஒல்லாந்தத் தளபதி அந்தோனியோ கான் திருகோணமலையைப் பிடித்தார். அது மன்னரிடம் கொடுக்கப்பட்டது, கோட்டையும் இடிக்கப்பட்டது. காலியைப் போன்ற கறுவாத் துறைகளை மட்டும் ஒல்லாந்தர் விடவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்களவர் இதைச் சொல்வார்கள்.

துறை மன்னர் கையிலிருந்த அந்தக் காலத்தில்தான் 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் வந்தது. 1659 இறுதியில் சோழமண்டலக் கரைச் சூறாவளியில் பாய்மரத்தை இழந்து, பழுதுபார்க்கக் கொட்டியாரத்தில் ஒதுங்கியது. கப்பல் தலைவன் ரொபர்ட் நொக்ஸும் அவன் மகனும் கூட்டாளிகளும் மன்னரின் ஆட்களிடம் சிக்கி மலைநாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தந்தை 1661இல் காய்ச்சலில் இறந்தான். அதே பெயருடைய மகன் கண்டிக்கு அருகே எலதெத்தவில் நிலம் வாங்கி வாழ்ந்து, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தக் கோட்டைக்குத் தப்பினான். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவனுடைய நூல் இல்லாமல் அக்காலக் கண்டியைப் பற்றி எழுதுவது கடினம். பாய்மரம் முறியாதிருந்தால் அந்த நூலும் இல்லை.

1664இன் கடைசியில் எழுந்த கிளர்ச்சியில் மன்னர் தடுமாற, ஆங்கிலேயர் முந்திக்கொள்வார்களோ என்ற அச்சத்தில் ஒல்லாந்தர் 1665இல் திருகோணமலைக்குத் திரும்பினார்கள். 1672இல் பிரெஞ்சுத் தளபதி டி லா ஹே கப்பற்படையோடு வந்தபோது, மன்னர் மகிழ்ந்து இடமளித்தார். ஆனால் அரண்மனைக்குப் போன பிரெஞ்சுத் தூதன் மரியாதை தவறியதால் விலங்கிடப்பட்டான். சில மாதங்களில் ஒல்லாந்தத் தளபதி வான் கூன்ஸ் பிரெஞ்சுக்காரரைத் துரத்திவிட்டார்.

பதினெட்டாம் நூற்றாண்டில் கண்டியின் கடற்பயணம் ஒல்லாந்தக் கப்பலையே நம்பியிருந்தது. அற்றுப்போயிருந்த உபசம்பதாவை, அதாவது பிக்குகளின் முழுத் துறவேற்பை மீட்க, மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் சியாமுக்குத் தூதனுப்பினான். உபாலி தேரரும் மற்றப் பிக்குகளும் 1753இல் ஒல்லாந்தக் கப்பலில் திருகோணமலையில் இறங்கிக் கண்டிக்குப் போனார்கள். சியாம் நிகாயம் என்ற பிக்குச் சங்கம் பிறந்தது. கல்வினியக் கிறித்தவர் பிக்குகளைச் சுமந்தது பக்தியால் அல்ல, மன்னரின் காட்டில் உரிக்கும் கறுவாவுக்காக.

அந்த நட்பு நிலைக்கவில்லை. 1762இல் சென்னையிலிருந்து ஜோன் பைபஸ் இந்தத் துறை வழியாகவே கண்டிக்குத் தூது வந்தார்; ஆங்கிலேயர் உறுதியாக எதையும் தரவில்லை. 1765இல் ஒல்லாந்த ஆளுநர் வான் எக் கண்டி நகருக்குள்ளேயே படையோடு புகுந்தார். 1766 பெப்ரவரி உடன்படிக்கை கரை முழுவதையும் ஒல்லாந்தருக்கு எழுதிக் கொடுத்தது. உப்பெடுக்க இடம் கிடைத்தது. துறை போய்விட்டது.

பின்பு நடந்தது பிறருடைய சண்டை. 1782 சனவரியில் ஆங்கிலத் தளபதி ஹியூஸ் துறையைப் பிடித்தார். ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் மீட்டார். ஒல்லாந்தரிடம் திரும்பிய துறையை 1795இல் பிரித்தானியர் நிரந்தரமாக எடுத்துக்கொண்டார்கள். ஒல்லாந்தரின் கோட்டைக்கு 1803இல் பிரெடெரிக் என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டு திருகோணமலையிலிருந்து ஒரு படை கண்டிமீது ஏறியது. 1815இல் இராச்சியம் முடிந்தது.

1944இல் மலையும் துறையும் மறுபடி ஒரே போரில் சேர்ந்தன: மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைப் பூங்காவில், கிழக்குக் கப்பற்படை திருகோணமலையில். 1957இல் தளம் இலங்கையிடம் வந்தது.

இப்போது கண்டியிலிருந்து தம்புள்ளை, ஹபரணை வழியே பேருந்திலேயே போகலாம். உலகம் சுற்றும் பாய்ப்படகுகள் சில இன்றும் உள்துறையில் நங்கூரமிடுகின்றன. ஒஸ்டென்பேர்க் மேடு கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறது. அங்குள்ள அருங்காட்சியகத்துக்குப் போகிறவர், அன்றைய ஒல்லாந்தக் காவலன் பார்த்த அதே ஒடுங்கிய வாயை மேலிருந்து பார்க்கலாம்.