பசிப்பிணியும் பழக்கமும்: இறக்காமத்தை முன்வைத்து உணவு, உடல்நலம் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

உடல்நலத்தின் வரலாறு தமிழில் பெரும்பாலும் மருத்துவ நூல்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஏடுகளின் காலம், ஆசிரியர், பாடபேதம் ஆகியன ஆராயப்பட்ட அளவுக்கு, அவ்வேடுகள் வழங்கிய சமூகங்களில் யார் எதனை உண்டனர், எந்நோயால் மாண்டனர், அவர்தம் பழக்கங்களை உருவாக்கிய வாழ்நிலை யாது என்னும் வினாக்கள் ஆராயப்படவில்லை. இவ்வினாக்களைக் கிழக்கிலங்கையின் ஒரு வேளாண்மைக் கிராமத்தை முன்வைத்து எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நமது இலக்கிய மரபில் உடல்நலம் குறித்து இருவேறு நோக்குகள் காணப்படுகின்றன. திருக்குறளின் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரம், முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணுதலை வற்புறுத்துகின்றது. மணிமேகலையோ பசியையே பிணியெனக் கண்டு, அதனைத் தீர்க்கும் அமுதசுரபியைக் காப்பியத்தின் மையத்தில் வைக்கின்றது. முன்னது உண்பவனின் ஒழுக்கம் பற்றியது. பின்னது உணவு கிடையாமை பற்றியது. குறள் பசியை அறியாத நூலன்று. ஈகை அதிகாரமே அதற்குச் சான்று. ஆயினும் ‘மருந்து’ என்ற தலைப்பின்கீழ் அது பேசுவது, உண்பதற்குப் போதியது உள்ளவனோடு என்பது மனங்கொள்ளத்தக்கது.

இன்றைய நலக்கல்வி பெரிதும் முதல் நோக்கின் வழியிலேயே செல்கின்றது. அளவாக உண்க, உடற்பயிற்சி செய்க, புகையிலையை விடுக என்று அது தனிமனிதனை நோக்கிக் கூறுகின்றது. இவை யாவும் உண்மையே. ஆனால் பழக்கம் என்பது எங்கிருந்து வருகின்றது என்ற வினாவை அது எழுப்புவதில்லை. மறுபுறம், நம் முன்னோர் நோயின்றி வாழ்ந்தனர், நவீனம் வந்தே யாவற்றையும் கெடுத்தது என்னும் பழமைப் போற்றலும் பரவலாக உள்ளது. இவ்விரண்டும் ஒரே குறைபாட்டை உடையன: இரண்டிலும் வரலாறு இல்லை.

2

இறக்காமம், 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்ட அம்பாறை மாவட்டத்தில், கடற்கரைப் பட்டினங்களிலிருந்து உள்நோக்கி அமைந்த, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நெற்செய்கைக் கிராமமாகும். குளமும் வயலும் மேய்ச்சல் தரையும் அதன் பொருளாதாரத்தின் அடித்தளம். வயலிலிருந்து நெல், எருமைப் பட்டியிலிருந்து பாலும் தயிரும், குளத்திலிருந்து நன்னீர் மீன், சேனையிலிருந்து சோளமும் குரக்கனும் பூசணியும், கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்றுக் கரைகளிலிருந்து கடல்மீன் என, வளமான ஓர் உணவுப் பட்டியலை இப்பிரதேசத்துக்கு நாம் எளிதில் தயாரித்துவிடலாம். பழமை போற்றுவோர் தயாரிப்பதும் இப்பட்டியலையே.

ஆனால் பட்டியல் வேறு; பங்கீடு வேறு. மட்டக்களப்புத் தென்பகுதியின் நெற்செய்கை, போடியார் எனப்பட்ட நிலவுடைமையாளர், அவருக்குக் கீழ் வேலையை நடத்திய முல்லைக்காரர், உழைத்த வயற்காரர் என்னும் படிநிலையில் நடைபெற்றது. உழைப்பவன் விளைவுக்கு முன்னரே சாப்பாட்டு நெல்லைக் கடனாகப் பெற்று, களவெட்டியில் அதனை மேலதிகத்தோடு திருப்பிக் கொடுத்தான். களவெட்டியில் சூடு மிதிக்கும்போது அன்றாடச் சொற்களைத் தவிர்த்துத் தனியான குழூஉக்குறிகளைப் பேசும் வழக்கம் இப்பிரதேசத்தில் இருந்தது. நாட்டாரியலாளர் இதனை நம்பிக்கையின் பாற்பட்டதாக விளக்குவர். பொலி குறைந்துவிடக் கூடாதே என்ற அச்சம், பொலியில் தனக்கு எஞ்சுவது எவ்வளவு என்று அறியாத உழைப்பாளியின் அச்சமுமாகும் என்பதை நாம் சேர்த்துக் காணவேண்டும்.

அதே காலத்தின் மற்றொரு யதார்த்தம் மலேரியா. உலர்வலயத்தின் குளங்களைச் சூழ்ந்த கிராமங்களில் குளிர்காய்ச்சல் ஆண்டுதோறும் வந்துபோகும் விருந்தாளியாக இருந்தது. மண்ணீரல் வீங்கிய குழந்தைகள் நோயாளிகளாகவே கருதப்படாத அளவுக்கு அது இயல்பாகியிருந்தது. பரிசாரியின் கசாயமும் பள்ளிவாசலில் ஓதிப் பெற்ற நீரும் மனத்துக்கு ஆறுதலளித்திருக்கலாம்; நோயின் மூலத்தை அவை தொடவில்லை. 1946இல் இலங்கை முழுவதிலும் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 141 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. ஏழு குழந்தைகளுக்கு ஒன்று என்ற கணக்கு இது. தயிரும் தேனும் நிறைந்த பொற்காலம் பற்றிப் பேசுமுன் இந்த எண்ணை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

3

இந்நிலை எவ்வாறு மாறிற்று? 1934–35இன் பெரும் மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். நோய் நிலையாக இருந்த உலர்வலயத்தைவிட, அதற்குப் பழக்கப்படாத கேகாலை, குருநாகல் முதலிய பகுதிகளையே அது கடுமையாகத் தாக்கிற்று. அப்போது கிராமங்களுக்குச் சென்ற சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கண்டது ஓர் அரசியற் பாடமாயிற்று. மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அவரது தோழர்களும் கொயினாவை மட்டும் கொடுத்து அமையவில்லை. நோயாளிகள் நெடுங்காலமாகப் போதிய உணவின்றி இருந்தவர்கள் என்பதை உணர்ந்து, உணவையும் மருந்தாகக் கொடுத்தனர். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியபோது இந்த அனுபவம் அதன் பின்னணியில் இருந்தது. 1848இல் மேல் சிலேசியாவின் தைபஸ் காய்ச்சலை ஆராய்ந்த ருடால்ஃப் விர்ஹோவும், 1845இல் இங்கிலாந்தின் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய எங்கெல்சும் கண்ட உண்மையும் இதுவே: கொள்ளைநோய் உடலில் நுழைவதற்கு முன் சமூகத்தில் நுழைகின்றது.

1945க்குப் பின் டீ.டீ.டீ. தெளிக்கப்பட்டது. 1946இல் ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இறப்பு வீதம் 1947இல் 14 ஆக வீழ்ந்தது. குழந்தை இறப்பு ஒரே ஆண்டில் 141இலிருந்து 101 ஆகக் குறைந்தது. இவ்வீழ்ச்சிக்குப் பூச்சிகொல்லியே காரணம் என்று ஒரு சாராரும், உணவு வழங்கலும் மருத்துவச் சேவைகளின் விரிவும் பெரும்பங்கு வகித்தன என்று மீகம போன்ற ஆய்வாளர்களும் வாதிட்டனர். நுளம்புகள் குறைந்த பகுதிகளில் மட்டுமன்றி, மலேரியா அருகியிருந்த பகுதிகளிலும் இறப்பு வீழ்ந்தமை இரண்டாம் வாதத்துக்கு வலுவூட்டுகின்றது. யுத்தகாலமாகிய 1942இல் தொடங்கிய அரிசிப் பங்கீடு, ஏழையின் வீட்டிலும் வாரந்தோறும் ஒரு குறிப்பிட்ட அளவு அரிசி இருப்பதை உறுதிசெய்தது. 1953இல் ஓர் அளவை அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது ஆகஸ்ட் 12இன் ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் பதவி விலக நேர்ந்தது. அரிசி என்பது உடல்நலத்தின் அரசியல் என்பதை மக்கள் ஆய்வாளர்களுக்கு முன்னரே அறிந்திருந்தனர்.

நுளம்பின் கதையிலும் ஒரு படிப்பினை உண்டு. 1963இல் நாடு முழுவதிலும் மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. கண்காணிப்புத் தளர்ந்ததும் 1968–69இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. பின்னர் நெடிய உழைப்பின் பயனாக 2016இல் இலங்கை மலேரியாவற்ற நாடென உலகச் சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. நலம் ஒருமுறை பெற்றுப் பெட்டியில் பூட்டிவைக்கும் சொத்தன்று.

4

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இப்பிரதேசத்தின் உற்பத்தி முறையை மாற்றியமைத்தது. பட்டிப்பளை ஆற்றை மறித்து இங்கினியாகலையில் எழுந்த அணை பல வயல்களுக்கு இரு போகத்தையும் தந்தது. அதன் குடியேற்ற அரசியல் ஏற்படுத்திய காயங்கள் தனியே ஆராயப்பட வேண்டியவை. உணவு வரலாற்று நோக்கில் மூன்று மாற்றங்களை நாம் சுட்டலாம்.

முதலாவது, உழவு இயந்திரத்தின் வருகை. எருமை உழவிலிருந்தும் சூடு மிதிப்பிலிருந்தும் விடுபட்டது. மேய்ச்சல் தரைகள் வயல்களாகவும் கரும்புத் தோட்டங்களாகவும் மாறின. பட்டி சுருங்கியபோது தயிர்ச் சட்டி வீட்டுப் பண்டம் என்னும் நிலையிலிருந்து விற்பனைப் பண்டமாயிற்று. தயிரை உற்பத்தி செய்தவன் அதனை விற்றுப் பால்மா வாங்கும் முரண்பாடு இவ்வாறே பிறந்தது.

இரண்டாவது, நெல் ஆலை. தவிடு நீங்கத் தீட்டிய அரிசியில் உயிர்ச்சத்து பி1 பெருமளவு இழக்கப்படுகின்றது என்பதும், நெல்லை அவித்துக் குற்றுவதால் அச்சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் ஊடுருவி எஞ்சுகின்றது என்பதும் அறிவியல் உண்மைகள். ஆகவே கைக்குத்தரிசி போற்றப்படுகின்றது. ஆனால் கைக்குத்தரிசியின் மகிமையைப் பேசுவோர் குத்திய கைகளைப் பேசுவதில்லை. விடியுமுன் எழுந்து உரலடியில் நின்ற பெண்களுக்கு ஆலை ஒரு விடுதலையாகவே வந்தது. அவர்களை மீண்டும் உலக்கையிடம் அனுப்புவது தீர்வாகாது. குறைவாகத் தீட்டிய அரிசியை மலிவாகக் கிடைக்கச் செய்வதே தீர்வாகும். அது ஆலையின் இலாப நோக்கோடு தொடர்புடைய வினா. அடுக்களையின் ஒழுக்கத்தோடு மட்டும் தொடர்புடையதன்று.

மூன்றாவது, சீனி. 1960களில் இறக்காமத்துக்கு அண்மையில், ஹிங்குரானையில் சீனித் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. ஆங்கிலத் தொழிலாளரின் உணவில் சீனி எவ்வாறு மலிவான சக்தியாக நுழைந்தது என்பதை சிட்னி மின்ட்ஸ் 1985இல் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளார். நமது வயல்வாடிகளிலும் நிகழ்ந்தது அதுவே. காலைச் சோற்றுக்கு நேரமும் நெல்லும் இல்லாதவனுக்கு இனிப்பு மிகுந்த தேநீர் ஒரு வேளை உணவாயிற்று. உழைப்பு கடுமையாக இருந்தவரை உடல் அச்சீனியை எரித்தது. அறுவடை இயந்திரம் வந்து உழைப்பைக் குறைத்த பின்னரும் தேநீர்க் கோப்பையின் இனிப்புக் குறையவில்லை. 2005–06இல் நடைபெற்ற நாடளாவிய ஆய்வு, வயதுவந்தோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதைக் காட்டிற்று. உற்பத்தி முறை மாறிவிட்டது. அதற்கேற்ப எழுந்த உணவுப் பழக்கம் மாறவில்லை. அடித்தளம் மாறிய பின்னும் பழைய வழக்காறு நீடித்து நிற்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

5

வெற்றிலையையும் இவ்வாறே நோக்கவேண்டும். விருந்தினர்முன் வெற்றிலை வட்டா வைப்பது கிழக்கிலங்கையில் மரியாதையின் அடையாளம்; கலியாணப் பேச்சும் வழக்குத் தீர்ப்பும் அதனைச் சுற்றியே நிகழ்ந்தன. ஆனால் வயலில் அதற்கு வேறொரு பணி இருந்தது. புகையிலையின் நிக்கோட்டின் பசியையும் களைப்பையும் மழுங்கச் செய்கின்றது. மதியச் சோறு வரும்வரை வேலை நடைபெற வேண்டுமாயின், வேலையாளின் வாயில் வெற்றிலையும் புகையிலையும் இருப்பது வேலைகொள்பவனுக்கு மலிவானது. விருந்தோம்பலின் சின்னமும் பசியடக்கும் கருவியும் ஒன்றாகவே இருந்தன.

புகையிலையோடு மட்டுமன்றிப் பாக்கு மட்டுமே தனித்து மெல்லப்பட்டாலும் புற்றுநோயை விளைவிக்கும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் ஏற்றுக்கொண்ட முடிவு. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்று முன்னணியில் நிற்பதற்கும் இதற்கும் தொடர்புண்டு. 2006இன் புகையிலை, மதுசார அதிகாரசபைச் சட்டம் சிகரெட்டின் விளம்பரத்தைத் தடுத்தது. வெற்றிலை வட்டாவுக்கு விளம்பரம் தேவைப்படவில்லை. அதனை விட்டுவிடச் சொல்வது சரியே. அதனோடு, ஆறா வாய்ப்புண்ணையும் வெண்படலத்தையும் காலத்தில் காட்டினால் உயிர் காக்கலாம் என்ற அறிவும், காட்டுவதற்குச் சென்றுவர ஒரு நாட்கூலியை இழக்கக்கூடிய நிலையும் வேண்டும்.

6

2017 ஏப்ரலில் இறக்காமத்தில் வழங்கப்பட்ட கந்தூரி உணவை உண்ட பல நூற்றுவர் உணவு நஞ்சாகியமையால் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர், உயிரிழப்பும் நேர்ந்தது. இக்கட்டுரையில் நாம் எழுப்பிய வினாக்கள் யாவும் இந்நிகழ்ச்சியில் ஒன்றுகூடி நிற்கின்றன.

கந்தூரி சமயச் சடங்கு மட்டுமன்று. இறைச்சி அரிதாகக் கிடைத்த வேளாண்மைச் சமூகத்தில், போடியாரும் கூலியாளும் ஒரே சோற்றை உண்ட நாள் அது. நோன்புக் கஞ்சியைப் போலவே அதுவும் ஊர் தன் வறியவர்க்கு அளித்த ஊட்டம். நிலவுடைமைச் சமத்துவமின்மையை ஒரு வேளைக்கு மறைத்த திரையுமாகும். அவ்விரு தன்மைகளையும் ஒருங்கே காண்பதே இயங்கியல் நோக்கு.

நிகழ்ச்சியை அடுத்து இரு குரல்கள் எழக்கூடும். கந்தூரியே மார்க்கத்துக்குப் புறம்பானது என்பது ஒன்று; விதிப்படி நடந்தது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் அண்டாவைத் திறந்து பார்ப்பதில்லை. பெருந்தொகையாகச் சமைத்த சோறும் இறைச்சியும் மெதுவாகவே ஆறும். வெதுவெதுப்பான அந்நெடுநேரமே நுண்ணுயிர்கள் பெருகும் நேரம். சில நுண்ணுயிர்களின் வித்துகள் கொதிநிலையையும் தாங்கும்; அவை உமிழும் சில நஞ்சுகள் மீளச் சூடாக்கினாலும் அழியா. அடுப்படியிலேயே சுடச்சுட உண்டு கலைந்த சிறிய ஊரின் வழக்கம், மக்கள் பெருகி, உணவு பொதிகளில் வீடுகளுக்குச் செல்லும் காலத்துக்குப் பொருந்தாது. வழக்காறு பழையது, அளவு புதியது. இடைவெளியை நிரப்ப வேண்டியவை தூய நீர், கைகழுவும் வசதி, சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறும் ஒழுங்கு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முன்கூட்டியே அழைக்கும் வழமை, சமையற்காரருக்குப் பயிற்சி ஆகியனவாம். இவற்றுள் எதுவும் ஒரு தனிமனிதனின் நற்பழக்கத்தால் மட்டும் கைகூடுவதன்று. எதுவும் ஊரின் வலுவுக்கு அப்பாற்பட்டதுமன்று.

7

பழக்கம் என்பது உறைந்துபோன வரலாறு எனலாம். சீனித் தேநீரிலும் வெற்றிலையிலும் தீட்டிய அரிசியிலும் உறைந்திருப்பவை உழைப்பு நேரமும் கூலியும் நிலமுமே. இதனைக் கூறுவதால் தனிமனிதப் பொறுப்பை நாம் மறுப்பதாகாது. நீரிழிவுற்றவன் சீனியைக் குறைக்கவே வேண்டும். வரலாறு அவனுக்காக இன்சுலின் சுரக்கப் போவதில்லை. ஆனால் அவனை மட்டும் குற்றவாளியாக்கும் நலக்கல்வி அரை உண்மையையே கூறுகின்றது.

1946க்குப் பின் குழந்தைகளைக் காத்தது உபதேசம் அன்று. பங்கீட்டு அரிசி, கட்டணமற்ற மருத்துவமனை, ஊருக்கு வந்த மருத்துவிச்சி, பெண்கல்வி ஆகியவையே காத்தன. அவற்றை மக்கள் போராடிப் பெற்றனர். 1970களின் இறுதியில் பங்கீடு சுருக்கப்பட்டு உணவு முத்திரையாக மாற்றப்பட்டமையும், 2022இன் பொருளாதார நெருக்கடியில் பல குடும்பங்கள் வேளை உணவைக் குறைக்க நேர்ந்தமையும், பெற்றவை மீண்டும் இழக்கப்படலாம் என்பதைக் காட்டுகின்றன. குறளின் மருந்து அதிகாரம் யாவர்க்கும் பயன்பட வேண்டுமாயின், மணிமேகலையின் பாத்திரம் முதலில் நிறைந்திருக்க வேண்டும். அளவறிந்து உண்ணுமாறு கூறும் உரிமை, உண்ணப் போதியதை உறுதிசெய்யும் சமூகத்துக்கே உண்டு.